பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சிக்கு மட்டும் வெண்டை விலை ஏறுவது யோகமா, கணக்கா?

கேள்வி: ஆலங்குளத்து விவசாயி

அனைவருக்கும் வணக்கம். ஆலங்குளத்திற்குக் கிழக்கே ஒரு ஏக்கரில் கிணற்றுத் தண்ணீரை நம்பி வெண்டை போடுகிறேன். ஆடிப்பெருக்கன்று விதை ஊன்றுவது எங்கள் வீட்டு வழக்கம். வரப்புக்கு அந்தப் பக்கத்து அண்ணாச்சிக்கும் அதே செம்மண், அதே விதை, அதே பாவூர்சத்திரம் சந்தைதான்; ஆனால் அவர் மூட்டை இறக்கும் நாளில் விலை ஏறி நிற்கிறது, என் மூட்டை போய்ச் சேரும்போது இறங்கிவிடுகிறது. மூன்று ஆண்டுகளாக இதையே பார்த்து, அவருக்கு யோக ஜாதகம் என்று ஊரார் சொல்வதை நானும் நம்பத் தொடங்கிவிட்டேன். இது கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றா?

பதில்: சந்தைக் கணக்குப்பிள்ளை

கற்றுக்கொள்ளலாம், அண்ணாச்சி. ஓணத்திற்கு முந்தைய நாட்களில் புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரிகள் வரிசையாகப் போகும்போதுதான் இங்கே காய்கறி விலை ஏறுகிறது. திருவோண நட்சத்திரத்தைப் பார்த்து வருவதால் அந்த நாள் ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. ஆடிப்பெருக்கோ ஆகஸ்ட் 3ஐ ஒட்டியே நிற்கும். வெண்டை முதல் பறிப்புக்கு வர ஏறக்குறைய 45 நாள் ஆகும் என்பதால், உங்கள் முதல் காய் செப்டம்பர் 17 வாக்கில்தான் வரும். மூன்று ஆண்டும் ஓணம் முடிந்த பிறகே பறித்திருக்கிறீர்கள். அண்ணாச்சி ஓணத்திலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கிறார் என்றே நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். அதிர்ஷ்டம் என்ற வடசொல்லுக்கே கண்ணுக்குத் தெரியாதது என்றுதான் பொருள்.

நான் நோட்டில் விலைக்கு எதிரே அதன் காரணத்தையும் எழுதி வருகிறேன்: முகூர்த்தம், புரட்டாசி, மழையால் வரத்துக் குறைவு. காரணம் எழுத முடியாத ஏற்றத்தை அடுத்த ஆண்டு நம்பி விதைக்கச் சொல்லமாட்டேன்.

பதில்: கீழப்பாவூர் தோட்டக்காரர்

கணக்கு சரிதான், ஆனால் முழு நிலத்தையும் அதில் வைத்துவிடாதீர்கள். 2024இல் நான் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஓணத்துக்கென்று ஊன்றினேன். ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்து, கேரள அரசே ஓண வார விழாக்களைக் கைவிட்டது. அத்தனை உயிர்கள் போன இடத்தில் என் நட்டத்தைப் பேசுவது முறையன்று. அதற்குப் பிறகு நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் விதைக்கிறேன்; கடைசிப் பங்கு, அசைவம் விலக்கும் புரட்டாசிக்குக் காய்க்கிறது. முன்கூட்டி விதைத்தால் இளஞ்செடி ஆனி, ஆடிக் காற்றில் சாயும் என்பதால், மேற்கு வரப்பில் இரண்டு வரிசை மக்காச்சோளம் அவசியம்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலை அண்ணாச்சியிடமே கேட்டேன். ஆணியில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தார். திருவோணத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதற்கு 55 நாள் முன்னால் இன்னொரு வட்டம், அருகில் ‘விதை’ என்று பென்சில் எழுத்து. பழைய நாட்காட்டிகளையும் பரணில் கட்டி வைத்திருக்கிறார். பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிக் கட்டோடு கொடுத்துவிட்டார். 2024இல் இரண்டே நாளில் தவறவிட்டதுதான் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. கீழப்பாவூர் அண்ணாச்சி, மக்காச்சோளத்தை வெண்டைக்கு எத்தனை நாள் முன்னதாக ஊன்றுகிறீர்கள்?