விற்றது ஒரு கேமரா, திரும்பி வந்தது வேறு: பணத்தை மீட்க வழி உண்டா?

கோவையில் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்த்து, வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் விற்கிறேன். மார்ச் 3 அன்று யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் ஒன்று 9,200 ரூபாய்க்கு ஏலம் போனது. ஜெர்மனிக்கு ஸ்பீட் போஸ்ட், 16ஆம் தேதி டெலிவரி. இரண்டே நாளில் வாங்கியவர் 'விவரித்தபடி இல்லை' என்று ரிட்டர்ன் போட்டார். வந்த பெட்டியில் இருப்பதும் ஜிஎஸ்என்தான், ஆனால் என்னுடையது இல்லை. சீரியல் எண் வேறு, லென்ஸில் பூஞ்சை, பேட்டரி அறை முழுக்கத் துரு. தளம் அவருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டது. ரிட்டர்ன் தபால் செலவும் என் தலையில்.

சீரியல் எண் தெரியும் படம், பேக்கிங் வீடியோ இரண்டையும் வைத்து அப்பீல் செய்தேன். ஏழு நிமிடத்தில் நிராகரிப்பு (மனிதர் யாரும் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை). சாட்டில் மூன்று முறை கேட்டும் அதே பதில்தான். வாங்கியவருக்கு மோசமான ரேட்டிங் போடக்கூட விற்பவருக்கு அங்கே வழியில்லை.

அப்பீல் தோற்ற பிறகும் இப்படிப் பணத்தை மீட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா, எந்த ஆவணத்தைக் காட்டி மீட்டீர்கள்?