சின்ன நெருப்பு வெச்சா மட்டும் புகை திரும்புது

வணக்கம். நாங்க இருக்கறது கிருஷ்ணகிரி மாவட்டம், தளி பக்கம். வீட்டுல ரெண்டு வாய் மண் அடுப்பு, 4 அங்குல சிமெண்ட் குழாய், ஓட்டுக்கு மேல 2 அடி நிக்குது. போட்டு 2 வருஷம் ஆகுது.

மார்கழிக் குளிர்ல களி கிண்டப் பெரிய நெருப்பு போட்டா புகை நேரா மேல போயிடும். இப்ப புரட்டாசி, குளிரே இல்ல. மாமியாருக்கு மூட்டுவலி, காலையில ஒரு குண்டான் வெந்நீர் வெச்சாப் போதும். அதுக்கு ரெண்டு குச்சி எரிச்சா, பின்வாய் வழியா புகை திரும்பி வருது. அவங்க இருமிக்கிட்டே இருக்காங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கு. குழாய் இணைப்புல தார் மாதிரி கருப்பா ஒழுகுது, தொட்டா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது.

குழாய்க்குள்ள சாக்கு கட்டி இழுத்துக் கரியெல்லாம் எடுத்தாச்சு. புளிய விறகைக் கட்டைவிரல் கனத்துக்குப் பிளந்து, 3 மாசம் காய வெச்சதுதான் எரிக்கிறேன். முதல்ல தென்னம்பாளை கொளுத்திக் குழாயைச் சூடாக்கினா 10 நிமிஷம் நல்லா இழுக்குது, அப்புறம் பழையபடி. பின்வாயை மூடினா கொஞ்சம் தேவலை. காத்தை அடைச்சு மூட்டமா விட்டா இன்னும் மோசம், அதை மட்டும் சொல்லாதீங்க.

சின்ன நெருப்புக்கே புகை மேல போகணும்னா குழாயை உயர்த்தணுமா, இல்ல அடுப்பு வாயைச் செங்கல் வெச்சுச் சின்னதாக்கணுமா?