ஊசல் பாடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி?

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி, ஏழாம் வகுப்பு அறிவியல், 38 பிள்ளைகள், 40 நிமிடப் பீரியட். பிள்ளைகளே கேள்வி கேட்டுத் தேடிக் கற்கும் முறையை ஜூனிலிருந்து முயல்கிறேன், கேள்வி மட்டும் வரமாட்டேன் என்கிறது. நூலில் கல்லைக் கட்டி ஊசல் ஆட்டினோம். ஒரு மீட்டர் நூலுக்கு 10 அலைவு சுமார் 20 விநாடி. ஒரு குழுவுக்கு 23 வந்தது. திரும்ப எண்ணிப் பார்க்காமல் பக்கத்துக் குழுவின் நோட்டைப் பார்த்து, அழித்துவிட்டு 20 என்று எழுதிவிட்டார்கள். மனசே ஆறவில்லை. புத்தகத்தை மூடவைத்தேன், ஊகத்தை முதலில் எழுதச் சொன்னேன், அப்புறம் பெயரில்லாத சீட்டும் கொடுத்தேன், அதில் வந்ததெல்லாம் "பரீட்சைக்கு வருமா மிஸ்?" கடைசியில் நீளத்தைக் கால் மீட்டராக்கினால் நேரம் பாதியாகும் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. தப்பாகிவிடுமோ என்ற பயமில்லாமல் அவர்களாகவே கேள்வி எழுப்ப, முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?