ஸ்விட்ச் 2: கீ கார்டும் எல்சிடி திரையும் தப்பே இல்லை

கட்டைவிரல்:
2025 ஜூன் 5-ஆம் தேதி ஸ்விட்ச் 2 கேம் கன்சோல் விற்பனைக்கு வந்ததிலிருந்து மூன்று விஷயங்களுக்காக நின்டெண்டோவைத் திட்டித் தீர்க்கிறார்கள். கேம்-கீ கார்டு, கறுப்பு அடர்த்தியாகத் தெரியும் ஓஎல்இடிக்குப் பதில் எல்சிடி திரை, தேவைப்பட்டால் கன்சோலையே முடக்குவோம் என்கிற பயனர் ஒப்பந்தம். முதல் இரண்டும் சரியான முடிவு என்பது என் கட்சி. மூன்றாவதையும் பாதிக்கு மேல் ஏற்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: கீ கார்டு பெட்டியில் அட்டை இருக்கும், அட்டைக்குள் கேம் இருக்காது. செருகினால் முழு கேமும் நெட்டிலிருந்து இறங்கும். அப்புறம் விளையாடும்போதெல்லாம் அட்டை உள்ளே இருந்தாக வேண்டும். "காலி அட்டைக்கு முழு விலையா?" என்று கேட்கிறார்கள். இதற்கு முன்னால் என்ன கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். 2019-இல் ஓவர்வாட்ச் ஸ்விட்சுக்கு வந்தபோது பெட்டிக்குள் இருந்தது ஒரு டவுன்லோட் கோட் (code) மட்டும்தான். ஒருமுறை அடித்தால் உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். தம்பிக்குக் கொடுக்க முடியாது, விற்க முடியாது. 2022-இல் கிங்டம் ஹார்ட்ஸ் வரிசை ஸ்விட்சில் கிளவுட் பதிப்பாக மட்டுமே வந்தது, அதாவது கேம் ஓடுவது தூரத்துச் சர்வரில், படம் மட்டும் நெட்டில் வரும்; நெட் போனால் கேமும் போச்சு.

கீ கார்டு யார் கணக்கோடும் ஒட்டுவதில்லை. முடித்துவிட்டு நண்பன் கையில் கொடுக்கலாம், பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

திரைக்கு வருகிறேன். 7.9 இன்ச், 1080p, 120 ஹெர்ட்ஸ், கூடவே விஆர்ஆர் (திரை தன் புதுப்பிப்பு வேகத்தை கேமுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது). கையில் பிடித்து ஆடும் கன்சோலில் பெரிய கேம்கள் நொடிக்கு 40 ஃபிரேமுக்கும் 60 ஃபிரேமுக்கும் நடுவில் ஊசலாடும். அந்த ஊசலாட்டத்துக்கு ஏற்ப திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால் படம் வெட்டி வெட்டித் தெரிவதில்லை. போட்டிக் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் ஓஎல்இடியில் 90 ஹெர்ட்ஸ் உண்டு, விஆர்ஆர் கிடையாது. வெளியீட்டு விலையான 449.99 டாலருக்குள் ஓஎல்இடி, விஆர்ஆர் இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் விஆர்ஆரைத்தான் எடுப்பேன்.

அட்டைப்பெட்டி:
டவுன்லோட் கோட் அச்சடித்த காகிதத்தைவிடக் கீ கார்டு மேல் என்கிறீர்கள். அதோடு ஏன் ஒப்பிட வேண்டும்? முழு கேமும் உள்ளே இருக்கிற அட்டையோடு ஒப்பிடுங்கள். சைபர்பங்க் 2077 எவ்வளவு பெரிய கேம்! அதையே 64 ஜிபி அட்டையில் முழுசாகக் கொடுத்தார்கள். பிரேவ்லி டிஃபால்ட் 2012-இல் நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கன்சோல் 3டிஎஸ்ஸுக்கு வந்த கேம். அன்றைக்கு ஒரு சின்ன அட்டைக்குள் அடங்கியது. அதன் மறுபதிப்பு ஸ்விட்ச் 2-இல் கீ கார்டு. இடம் போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

நான் கேம் சேர்க்கிறவன். பெட்டியின் முன்பக்கம் கீழே சாவிப் படத்தோடு ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், இத்தனை ஜிபி காலியிடம் வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். அந்தப் பட்டையைப் பார்த்தால் பெட்டியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுகிறேன். நின்டெண்டோவின் பழைய கன்சோலான வீயின் (Wii) இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ கடைகளில் 2023 மார்ச்சோடு விற்பனை நின்றது. ஸ்விட்ச் 2 சர்வர் நிற்கிற நாளில் என் பழைய 3டிஎஸ் அட்டை ஓடும், உங்கள் கீ கார்டு ஓடுமா? ஜப்பானின் தேசிய நூலகமே கீ கார்டைச் சேகரிப்பில் சேர்க்க முடியாது என்றது. உள்ளடக்கம் அட்டைக்குள் இல்லை என்பதுதான் காரணம்.

சிங்கை_மாறன்:
எல்லாக் கீ கார்டும் காசு மிச்சம் பிடிக்கப் போட்டதல்ல. ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ் செய்தவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்: திறந்த உலகத்தை ஓட ஓட ஏற்றுகிற எஞ்சின் அது, அட்டையிலிருந்து படிக்கிற வேகம் அதற்குப் போதவில்லை. உள் நினைவகமும், மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்கிற வேகமான மெமரி கார்டும் கேம் அட்டையைவிட வேகம். சோனியின் பிஎஸ்5 கன்சோலில் டிஸ்க் போட்டாலும் எஸ்எஸ்டியில் ஏற்றித்தானே ஆடுகிறோம்?

அட்டைப்பெட்டி:
டிஸ்கில் டேட்டா இருக்கிறது மாறன். நெட் இல்லாமலும் ஏற்றலாம். வித்தியாசமே அங்கேதான். அவுட்லாஸை ஒத்துக்கொள்கிறேன், பிரேவ்லி டிஃபால்ட்டுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. இன்னொன்று: உள்ளே இருப்பது 256 ஜிபி. 50 ஜிபி கேம் ஐந்து போட்டால் நிரம்பியது. பழைய மைக்ரோஎஸ்டியில் ஸ்விட்ச் 2 கேம் ஓடாது, எக்ஸ்பிரஸ் கார்டுதான் வாங்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில்?

ஒளிக்கற்றை:
திரை பற்றி மட்டும். விஆர்ஆர் நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் இந்த எல்சிடியின் பிக்சல் மாறுகிற வேகம் மந்தம். வேகமாக நகரும் காட்சியில் எழுத்தும் ஓரங்களும் இழுபடுகின்றன. 120 ஹெர்ட்ஸ் என்று எழுதிவிட்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காத திரையைப் பொருத்துவதில் என்ன நியாயம்? 2021-லேயே ஓஎல்இடி கொடுத்த கம்பெனி இது.

கட்டைவிரல்:
இழுபடுவது உண்மைதான். பக்கவாட்டில் ஓடும் 2டி கேம்களில் நானே பார்த்தேன். மற்றபடி என் கருத்து மாறவில்லை.

பின்னலாடை:
முடக்குகிற ஒப்பந்தத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம். 2025 மே மாதம் அமெரிக்க ஒப்பந்தத்தை மாற்றினார்கள். விதி மீறினால் கன்சோலை முழுதாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதபடி செய்யலாம் என்கிறது அது. அடுத்த மாதமே, நகல் கேம் ஓட்ட உதவும் மிக் அட்டையைச் செருகியவர்களின் ஸ்விட்ச் 2-க்கு இணையச் சேவை தடையானது. செய்தவன் அனுபவிக்கட்டும் என்பீர்கள். அவன் அந்தக் கன்சோலை விற்றுவிட்டால்?

நான் திருப்பூர். புதுசு வாங்க வசதி இல்லாத காலத்தில் இணையச் சந்தை ஒன்றில் வேறொரு நிறுவனத்தின் பழைய கன்சோல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து நெட்டில் இணைத்த பிறகுதான் அது ஏற்கெனவே தடை செய்யப்பட்டது என்று தெரிந்தது. விற்றவர் போனையே எடுக்கவில்லை. மூன்று மாதச் சேமிப்பு அது.

கட்டைவிரல், கீ கார்டின் பெருமையே அதைக் கைமாற்றலாம் என்பதுதான் என்றீர்கள். இணையச் சேவை மறுக்கப்பட்ட கன்சோலில் கீ கார்டைச் செருகி என்ன செய்வது? கேம் முதலில் இறங்க வேண்டுமே. நீங்கள் ஆதரிக்கும் ஒரு முடிவு இன்னொன்றின் காலை வாருகிறது.

கட்டைவிரல்:
நகல் எடுப்பது சின்ன விஷயமில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2023-இல் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் என்கிற செல்டா கேம் வெளியாகும் முன்பே திருட்டுத்தனமாகப் பத்து லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டது என்று நின்டெண்டோ வழக்கு மனுவில் சொன்னது. அந்த வழக்கில், ஸ்விட்ச் கேம்களைக் கணினியில் ஓட்ட உதவும் யூஸு எமுலேட்டரைச் செய்தவர்கள் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். கடுமை எங்கிருந்து வந்தது என்பதற்காகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒப்பந்தத்தின் வாசகமும் இவ்வளவு கடுமையாக இல்லை.

பின்னலாடை:
ஐரோப்பாவில் மென்மையாக எழுத முடிகிறது என்றால் மற்ற இடங்களிலும் எழுதலாமே. இன்னொருவர் பயன்படுத்திய கேம் அட்டையை வாங்கிச் செருகிய ஒருவரின் கன்சோலே தடைபட்டு, அட்டை தன்னிடம் இருப்பதைக் காட்டிய பிறகு திரும்பக் கிடைத்தது என்று செய்தி வந்தது. அவருக்கு முறையிட ஓர் இடம் இருந்தது. இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக விற்பதே இல்லை. இறக்குமதி செய்து விற்கும் கடையில்தான் வாங்குகிறோம். நாங்கள் யாரிடம் போய்க் காட்டுவது?

கட்டைவிரல்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. கீ கார்டையும் தடையையும் நான் தனித்தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீரியல் எண்ணை அடித்தால் இந்தக் கன்சோல் தடையில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கிற மாதிரி ஒரு பக்கத்தை நின்டெண்டோ திறந்து வைக்க வேண்டும். போன் வாங்கும்போது ஐஎம்இஐ பார்க்கிறோமே, அது போல. வாங்குகிறவர் காசை நீட்டும் முன்பே அது தெரிந்தாக வேண்டும். முதல் பதிவில் "பாதிக்கு மேல் ஏற்கிறேன்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். திரை, கீ கார்டு இரண்டிலும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

அட்டைப்பெட்டி:
பிரேவ்லி டிஃபால்ட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.