மேஜையில் சுடும்போது தோளில் உதை: கட்டையை மாற்றுவதா, பிரேக் போடுவதா?

ஓரக்கண்: என்னுடையது .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ஸ்கோப்போடு 3.2 கிலோ, தோளில் அணைக்கும் கட்டை (ஸ்டாக்) மெல்லிய மரம். நின்று சுட்டால் பெரிதாகத் தெரிவதில்லை. மேஜையில் மணல் பை மேல் வைத்துச் சுட்டால் ஒரு பெட்டித் தோட்டா தீர்வதற்குள் தோள் கன்றிவிடுகிறது. அப்புறம் விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்கிறது. ஸ்டாக்கை மாற்றலாம் என்றிருக்கிறேன். மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்யும் லேமினேட்டா, ஃபைபர்கிளாஸா?

நேர்கோடு: யோசிக்கவே வேண்டாம், லேமினேட். எடைதான் இதற்கு மருந்து. 10.9 கிராம் குண்டு, விநாடிக்கு 800 மீட்டர் என்று கணக்குப் போட்டால் உங்கள் ரைஃபிள் சுமார் 25 ஜூல் உதைக்கும். அதே தோட்டா 4.2 கிலோ ரைஃபிளில் 19 ஜூல்தான். கால்வாசி உதை சும்மாவே போய்விட்டது. குழலுக்கடியில் வரும் முன்கட்டை அகலமாக, அடிப்பக்கம் தட்டையாக இருப்பதாகப் பாருங்கள். உருண்டை முன்கட்டை ஒவ்வொரு வெடிக்கும் பை மேல் புரளும்.

குழல்வாய்: கட்டைக்கு எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்? குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் மசில் பிரேக்கைத் திருகினால் முடிந்தது. நேர்கோடு சொன்ன அதே தோட்டாவில், பின்னால் தள்ளும் உந்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் வாயுவுடையது. அதை முழுக்கப் பக்கவாட்டில் திருப்ப முடிந்தால் உதையின் ஆற்றலில் பாதி காலி. முழுக்கத் திரும்பாதுதான், ஆனாலும் ஒரு கிலோ மரத்தைவிட இது மேல்.

மணல்மூட்டை: பிரேக் போட்டவருக்குப் பக்கத்து மேஜையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள் குழல்வாய், அப்புறம் பேசலாம். காதடைப்பானுக்கு மேல் காதுமூடி போட்டாலும் அறை விழுந்த மாதிரி இருக்கும். உங்கள் உதையை அடுத்தவர் காதுக்கு அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான்.

ஓரக்கண், முதலில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். மேஜை மேல் கவிழ்ந்து படுத்தால் உடல் பின்னால் போக இடமில்லை, முழு உதையும் தோளிலேயே நிற்கும். ரைஃபிளை வைக்கும் தாங்கியை உயர்த்தி நிமிர்ந்து உட்காருங்கள். கட்டையின் பின்முனையில் இருக்கும் கெட்டி ரப்பர் பட்டையைக் கழற்றிவிட்டு மென்மையான, அகலமான ரீகாயில் பேட் (உதை தாங்கும் திண்டு) போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

குழல்வாய்: நான் சுடும் இடத்தில் பிரேக் போட்டவர்களுக்குக் கடைசி மேஜை. ஒழுங்காக இடம் ஒதுக்கினால் யாருக்கும் தொல்லை இல்லை.

ஓரக்கண்: ஈயப் பைகளை ஏற்றி ரைஃபிளை அசையாமல் பிடிக்கும் ஸ்லெட் தாங்கி எப்படி?

மணல்மூட்டை: வேண்டாம். தோள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஈயம் கொடுக்காது. எடையை அளவுக்கு மீறி ஏற்றினால் மரக் கட்டை கைப்பிடிக் கழுத்தில் விரிசல் விட வாய்ப்புண்டு. ஸ்கோப்புக்கும் நல்லதல்ல.

நேர்கோடு: அதில் மணல்மூட்டையோடு ஒத்துப்போகிறேன். பேட் விஷயத்தில் இல்லை. பேட் தோளைக் காப்பாற்றும், கன்னத்தை யார் காப்பாற்றுவது? கட்டையின் பின்பாகம் கீழே சரிந்திருந்தால் வாய்முனை மேலே துள்ளும், மேல்விளிம்பு கன்ன எலும்பில் வந்து அடிக்கும். கண் மூடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். குழலுக்கு நேர்பின்னே வரும் கட்டை என்றால் உதை நேராக வரும். இதை எந்த ரப்பரும் செய்யாது.

ஃபைபர்கிளாஸ் கெட்டதில்லை, ஈரத்தில் ஊதாது. ஆனால் லேசானது வாங்கினால் உதை கூடும். மலிவான வார்ப்புப் பிளாஸ்டிக் பக்கமே போகாதீர்கள்: பையில் அழுத்தினால் முன்கட்டை வளைந்து குழலைத் தொடும், குண்டு இடம் மாறும்.

ஓரக்கண்: சரி, லேமினேட் வாங்கினால் நானே மாட்டலாமா?

நேர்கோடு: உங்கள் ஆக்‌ஷனுக்கே, அதாவது போல்ட் ஓடும் உலோக உடலுக்கே, குடைந்ததாக இருந்தால் மாட்டலாம். குழலுக்கடியில் ஒரு காகிதத்தை நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள், தடங்கக் கூடாது. உதையைக் கட்டைக்குக் கடத்தும் உலோகப் புடைப்பான ரீகாயில் லக்கின் பின்முகம் கட்டையில் முழுக்கப் பதிய வேண்டும், இடைவெளி இருந்தால் எபாக்ஸி பெட்டிங் செய்யுங்கள் (எபாக்ஸிப் பசையால் இடைவெளியை நிரப்புவது). திருகுகளை உற்பத்தியாளர் சொன்ன முறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், கையால் வேண்டாம்.

மணல்மூட்டை: கட்டையின் நீளம் மாறினால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரமும் மாறும். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களைத் தளர்த்திச் சரிசெய்த பிறகே முதல் தோட்டா, இல்லாவிட்டால் புருவம் கிழியும். பேட் முதலில் என்பதில் நான் மாறவில்லை.

குழல்வாய்: நானும் பிரேக்கில்தான்.