குடும்ப குரூப்: ரேவதி சைக்கிள் பிரேக்

வெள்ளி

ரேவதி: யாராச்சும் ஃப்ரீயா இருக்கீங்களா, எலக்ட்ரிக் சைக்கிள்ல பிரேக் புடிச்சா கீச்சுனு அப்படி ஒரு சத்தம், கன்னங்குறிச்சி ரோட்ல ஸ்கூல் விடற நேரத்துல புடிச்சேன் பசங்கெல்லாம் காதப் பொத்திக்கிட்டாங்க. சத்தம் கூடப் பரவால்ல, நிக்கவே மாட்டேங்குது அதான் பயமா இருக்கு

பத்மா அத்தை: ஐயோ கண்ணு, நாளைக்கு ஆட்டோல போயிரு சாமி

பிரபு: சத்தம்தானக்கா, தையல் மிஷின் எண்ணெ ரெண்டு சொட்டு விடு போதும்

செல்வம் மாமா: பிரபு எண்ணெயெல்லாம் விடச் சொல்லாதப்பா

செல்வம் மாமா: ரேவதி நீயும் விட்டுறாத. இது ரிம் பிரேக், ரப்பர் கட்டை ரெண்டு பக்கமும் ரிம்மைப் புடிச்சுதான் சக்கரமே நிக்குது. அங்க எண்ணெ பட்டுச்சுன்னா சத்தமும் போயிரும் பிரேக்கும் போயிரும். எண்ணெ செயினுக்கு, பிரேக் ஒயருக்குள்ள, அவ்வளவுதான்

பிரபு: ஓ சரிங்க மாமா, எனக்குத் தெரியாது

செல்வம் மாமா: எப்ப இருந்தும்மா இப்படி கத்துது?

ரேவதி: சர்வீசுக்கு விட்டு எடுத்ததுல இருந்துதாங்க மாமா. வாட்டர் வாஷ் பண்ணி செயினுக்கெல்லாம் ஸ்ப்ரே அடிச்சு பளபளன்னுதான் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி மழை நாள்ல மட்டும் லேசா கத்தும்

செல்வம் மாமா: அந்த ஸ்ப்ரேதான் ரிம்ல தெறிச்சிருக்கும். பின்னாடி ரிம்மை வெள்ளத் துணியில தொடச்சு ஒரு போட்டோ போடு. பிரேக் கட்டையையும் கிட்டக்க எடுத்துப் போடு

ரேவதி: [போட்டோ]

ரேவதி: [போட்டோ]

ரேவதி: துணி கன்னங்கரேல்னு ஆயிருச்சு மாமா, தொட்டா பிசுபிசுங்குது

செல்வம் மாமா: பாத்தியா. கட்டையப் பாரு, கண்ணாடி மாதிரி மினுமினுங்குது, நடுவுல வெள்ளி கலர்ல பொடிப்பொடியா மின்னுதே அது ரிம்மோட அலுமினியம், சுரண்டி எடுத்து ரப்பர்ல பதிஞ்சு போயிருக்கு. இப்ப நீ புடிக்கறப்பல்லாம் அலுமினியத்த அலுமினியம்தான் தேய்க்குது, சத்தம் வராம என்ன பண்ணும். இப்படியே ஓட்டுனா ரிம்மும் சீக்கிரம் தேஞ்சிரும்

கோபி (ஏற்காடு): மாமா பிரபுவுக்கும் இதே மாதிரி வந்துச்சே, மாமாங்கம் பக்கம் வெள்ளக்கல் லாரி போற ரோடு, அந்தத் தூசி ரிம்ல ஒட்டிக்கிட்டு கரகரன்னு

பிரபு: ஆமா அது சாதா சைக்கிள்ல. கட்டையவே மாத்திட்டேன்

செல்வம் மாமா: இதுக்கு இப்ப மாத்த வேண்டாம், கோடு இன்னும் இருக்கு. கட்டையில குறுக்க பள்ளமா கோடு இருக்குல்ல ரேவதி, அது மறைஞ்சு தட்டையா ஆனாத்தான் மாத்தணும்

செல்வம் மாமா: சரி சொல்றத அப்படியே செய். மொதல்ல பாத்திரம் கழுவற சோப்பும் தண்ணியும் வெச்சு ரிம்மோட ரெண்டு பக்கமும் நல்லா தேச்சுக் கழுவி துணியில ஈரம் இல்லாம தொடச்சிரு. காஞ்சப்பறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்னு மெடிக்கல்ல கேளு, அதை சுத்தமான துணியில நனைச்சு சுத்தி சுத்தி தொடை, துணி கருப்பாகறது நிக்கற வரைக்கும். சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் இருக்கும் மறுபடி வழுக்கும். டயர்ல பட்டா பரவால்ல. அப்பறம் கட்டைய எல் கீ போட்டுக் கழட்டி ஊக்கு முனையில அந்த அலுமினியப் பொடிய ஒன்னு விடாம நோண்டி எடுத்துட்டு, உப்புத்தாள தரையில வெச்சு கட்டைய அது மேல தேய், மினுமினுப்பு போயி மங்கலா கருப்பா வரணும்

ரேவதி: கழட்டுனா மறுபடி மாட்டத் தெரியாதே மாமா

செல்வம் மாமா: கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோ. வாஷர் எது முன்ன எது பின்னன்னு அதுல தெரியும், அந்த வரிசை மாறக்கூடாது. ஒவ்வொரு பக்கமா கழட்டு, ரெண்டையும் ஒரே நேரத்துல பிரிக்காத

பத்மா அத்தை: அண்ணா மொதல்ல சாப்பிட்டீங்களா நீங்க

செல்வம் மாமா: ஆச்சும்மா

சனி

ரேவதி: மாமா நீங்க சொன்ன மாதிரியே பண்ணியாச்சு, நிதின்தான் உக்காந்து தேச்சான். முன்னாடி பிரேக் சூப்பரா புடிக்குது!! ஆனா லேசா கத்துது. பின்னாடி சத்தமே இல்ல, ஆனா நிக்க மாட்டேங்குது. லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டுது, அதுவுமில்லாம புடிக்கிறப்ப யாரோ பின்னாடி இருந்து தள்ளற மாதிரியே இருக்கு

செல்வம் மாமா: தள்ளற மாதிரியா? மிதிக்கறத நிறுத்துன ஒடனே புடிச்சா அப்படி இருக்கா?

ரேவதி: ஆமாங்க மாமா, ஒரு செகண்ட் தள்ளிட்டு அப்பறம் விடுது

செல்வம் மாமா: அப்ப அது மோட்டாரு. நிதின் இருக்கானா? பின் சக்கரத்த ஸ்டாண்டு போட்டுத் தரையில படாம தூக்கி நிறுத்தச் சொல்லு. ஆக்சிலரேட்டர லேசாத் திருகி சக்கரம் சுத்தறப்ப வலது லிவரப் புடிக்கணும். மோட்டார் கட்டாகணும். மறுபடி சுத்த விட்டு இடது லிவர். விரல போக்ஸ் கம்பிகிட்ட கொண்டு போகக் கூடாது சொல்லிரு

நிதின்: தாத்தா வலது புடிச்சா ஒடனே கட் ஆகுது. இடது புடிச்சா மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, கட்டையில உரசிக்கிட்டே சுத்துது

செல்வம் மாமா: அதேதான். இடது லிவர்ல இருந்து எத்தன ஒயர் வருதுன்னு பாரு சாமி. வலதுல ரெண்டு இருக்கும், ஒன்னு பிரேக் ஒயர், இன்னொன்னு மெல்லிசா கரண்ட் ஒயர்

நிதின்: இடதுல ஒன்னுதான் இருக்கு தாத்தா

நிதின்: [போட்டோ]

நிதின்: ஹெட்லைட்டுக்குக் கீழ ஒரு ஒயர் தனியா தொங்குது, முனையில கருப்பு டேப் சுத்தியிருக்கு

கோபி (ஏற்காடு): அடப்பாவமே

செல்வம் மாமா: ரேவதி சர்வீஸ்ல இடது லிவர மாத்துனாங்களா?

ரேவதி: ஆமாங்க, பழசு லூசா இருக்குன்னு சொல்லி புதுசு போட்டோம்னு பில்லுல எழுதியிருந்தாங்க

செல்வம் மாமா: புதுசு போட்டாங்க, ஆனா சாதா சைக்கிள் லிவரப் போட்டுட்டாங்க. எலக்ட்ரிக் சைக்கிள் லிவருக்குள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், லிவர லேசா அசைச்சாலே மோட்டாருக்கு கரண்ட் நின்னுரணும். அது இல்லாட்டி நீ ஒரு பக்கம் நிறுத்தற, மோட்டார் இன்னொரு பக்கம் தள்ளுது. இதுல இன்னொன்னும் இருக்கு, உன் சைக்கிள்ல இருக்கறது வி பிரேக், ரெண்டு நீட்டுக் கை மேல நிக்குதே அது. அதுக்கு ஒயர நெறைய தூரம் இழுக்கற லிவர் வேணும். சாதா லிவர் கம்மியாத்தான் இழுக்கும், அதான் ஹேண்டில்பார்ல போய் முட்டுது கட்டை இன்னும் ரிம்ம சரியா அழுத்தல. டேப் சுத்தி வுட்டுட்டு ஓட்டுங்கன்னு குடுத்திருக்காங்களே, எனக்கு மனசே ஆறல

பத்மா அத்தை: பொம்பளப் புள்ள ஓட்டற வண்டி, கொஞ்சம் பொறுப்பு வேண்டாமா

ரேவதி: கடைக்காரர்ட்ட இப்பவே போய் கேக்கறேன் மாமா

செல்வம் மாமா: கேளு. வண்டியத் தள்ளிட்டுப் போ, ஓட்டாத. வி பிரேக்குக்குன்னே இருக்கற லிவர், கட் ஆஃப் சுவிட்ச் வெச்சது வேணும்னு இந்த வார்த்தையச் சொல்லு. பின்னு ரெண்டா மூணான்னு தொங்கற ஒயரோட முனையக் காட்டி அதே மாதிரி வாங்கு. இல்லைன்னு சொன்னா வேற கடை பாக்கலாம், சும்மா எதையாச்சும் மாட்டிட்டு வந்துராத

பிரபு: அக்கா நான் வர்றேன் இரு, வண்டிய நான் தள்றேன்

நிதின்: தாத்தா நாளைக்குள்ள ரெடி ஆயிருமா? நாங்க ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு சைக்கிள்ல ஏற்காடு போறோம்

ரேவதி: என்னடா இது என்கிட்ட சொல்லவேயில்ல

செல்வம் மாமா: ஏறுறது பிரச்சனையில்ல நிதின். அடிவாரத்துல இருந்து மேல போறதுக்கு உன் பேட்டரி பத்தாது, பாதிக்கு மேல மிதிக்கணும், வயசுப் பையன் மிதிச்சிருவ. எறங்கறதுதான். ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து 1,515 மீட்டர், நம்ம சேலம் 300க்கும் கீழ. நீயும் சைக்கிளும் சேந்து 100 கிலோன்னு வெச்சுக்கோ, அவ்வளவு ஒசரத்துல இருந்து எறங்கறப்ப வர்ற சக்தி கிட்டத்தட்ட 12 லட்சம் ஜூல். காத்து கொஞ்சம் எடுத்துக்கும், மிச்சம் பூரா சூடாகி எங்க போகும்? அந்த ரெண்டு ரிம்முலயும் நாலு கட்டையிலயும்தான். மூணு லிட்டர் தண்ணியக் கொதிக்க வெக்கற சூடு அது

நிதின்: மோட்டார்ல இறங்கறப்ப சார்ஜ் ஏறாதா தாத்தா, கார்ல எல்லாம் அப்படித்தான

செல்வம் மாமா: உன்னோடது சக்கரத்துக்குள்ள பல்சக்கரம் வெச்ச சின்ன மோட்டார், உள்ளயே ஃப்ரீவீல் இருக்கு. சக்கரம் தன்னால ஓடுனா மோட்டார் சுத்தாது, அதனால புடிச்சு நிறுத்தவும் செய்யாது. எல்லாத்தையும் பிரேக்குதான் தாங்கணும், அதுவும் சாதா சைக்கிள விட பத்து கிலோ சேத்து

கோபி (ஏற்காடு): நிதின் நான் தெனம் பாக்கறேன்டா. 20 கொண்டை ஊசி வளைவு, லேடீஸ் சீட் பக்கம் வந்து நின்னு பாரு, ரோடு எப்படி மடிஞ்சு மடிஞ்சு போகுதுன்னு தெரியும். பிரேக்க விடாமப் புடிச்சுக்கிட்டே எறங்குவாங்க, ரிம்மத் தொட்டா கை சுட்டுரும், அந்தச் சூட்டுல உள்ள இருக்கற டியூப் வெடிச்சு ஒரு பையன் ரோட்டோரத்துல உக்காந்திருந்தான், நல்லவேளை மெதுவா வந்தான். வளைவுல கொரங்கு வேற, காருக்காரங்க பிஸ்கட் போடறதனால கூட்டமா ரோட்டுக்கு நடுவுல நிக்கும், திடீர்னு புடிக்க வேண்டி வரும். காலையில பனி எறங்குனா ரிம்மு ஈரம், மொத ரெண்டு சுத்து பிரேக் புடிக்கவே புடிக்காது

பத்மா அத்தை: நிதின் போகவே வேண்டாம்

நிதின்: அத்தப்பாட்டி ப்ளீஸ்

செல்வம் மாமா: போக வேண்டாம்னு சொல்லலம்மா, நாளைக்கு வேண்டாம்னு சொல்றேன். புது லிவர் போட்டு ஒரு வாரம் ஊருக்குள்ள ஓட்டட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம ஏறட்டும், எறங்கறப்ப கோபி பிக்கப்புல சைக்கிளப் போட்டுக்கலாம். என்ன கோபி?

கோபி (ஏற்காடு): தாராளமா மாமா, அன்னைக்கு எப்படியும் மொளகு மூட்ட எறக்க சேலம் வரேன். நாலு சைக்கிளும் நிக்கும்

நிதின்: ஓகே மாமா 🙏

ரேவதி: உனக்கு வீட்டுக்கு வந்து பேசிக்கறேன்

ரேவதி: மாமா லிவர் கெடச்சிருச்சு!! அவங்ககிட்ட இல்ல, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு கடையில இருந்துச்சு. சர்வீஸ் பண்ணுன கடைக்காரரு பணத்தத் திருப்பிக் குடுத்துட்டாரு, பிரபு கொஞ்சம் சத்தமாப் பேசினான்

பிரபு: மரியாதையாத்தான் பேசினேன் மாமா

ரேவதி: இடது புடிச்சாலும் இப்ப மோட்டார் நின்னுருது. பின்னாடி நல்லாப் புடிக்குது. முன்னாடி அந்த லேசா கத்தறது மட்டும் இருக்குங்க

செல்வம் மாமா: ரொம்ப சந்தோசம்மா. முன்னாடி கட்டைக்கு முனை சாய்க்கணும். கட்டை பூராவும் ஒரே நேரத்துல ரிம்முல ஒட்டுனா அதிர்ந்து கத்தும், வண்டி போற திசையில இருக்கற முன் முனை ஒரு மயிரிழை முன்னாடித் தொடணும். கட்டைய எல் கீ போட்டு லேசா இளக்கிட்டு, ஒரு அட்டையக் கிழிச்சு, மாத்திரை டப்பா அட்டை போதும், கட்டையோட பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவுல சொருகு. லிவர நிதின் இறுக்கிப் புடிச்சுக்கட்டும், அப்படியே எல் கீ போட்டு முறுக்கு, அப்பறம் அட்டைய உருவிரு. முறுக்கறப்ப கட்டை தன்னால திரும்பப் பாக்கும் கையால புடிச்சுக்கோ. டயர்ல ஒரசக் கூடாது, ஒரசுனா டயர் அறுந்துரும். ரிம்முக்குக் கீழயும் எறங்கக் கூடாது

செல்வம் மாமா: இன்னொன்னு, சில கட்டையில ரப்பர் மட்டும் தனியா உருவற மாதிரி இருக்கும். அந்தத் தொறந்த பக்கம் பின்னாடி பாத்துத்தான் இருக்கணும். மாத்தி மாட்டுனா பிரேக் புடிக்கறப்ப ரப்பர் முன்னாடி நழுவி வெளிய வந்துரும். பாத்துச் சொல்லு

நிதின்: [போட்டோ]

நிதின்: ஒரே ரப்பர்தான் தாத்தா, உருவற மாதிரி இல்ல. அம்புக்குறி முன்னாடி பாத்து இருக்கு

செல்வம் மாமா: ரொம்பச் சரி

ரேவதி: மாமா சத்தம் போயிருச்சு!!! அட்டை வெச்சு முறுக்குனதும் சுத்தமா இல்ல, கன்னங்குறிச்சி எறக்கத்துல நிதின் ஓட்டிப் பாத்துட்டு வந்தான்

பத்மா அத்தை: மாரியாத்தா புண்ணியம் 🙏🙏

பிரபு: மாமா அப்ப நானும் என் ரிம்மக் கழுவிடறேன்

செல்வம் மாமா: கழுவு. கழுவறப்ப ரிம்மு பக்கவாட்டுல விரல வெச்சுத் தடவிப் பாரு, உள்பக்கமாக் குழிஞ்சு இருந்தா ரிம்மு தேஞ்சிருச்சுன்னு அர்த்தம், மாத்தணும். அப்படியே சக்கரத்தச் சுத்தி விட்டு கோட்டம் இருக்கான்னும் பாத்துக்கோ. ரேவதி உனக்கு ஒன்னு, புது பிரேக் ஒயர் மொத கொஞ்ச நாள் ஓட்டத்துல இளகும், லிவர் மறுபடி உள்ள போற மாதிரி தெரிஞ்சா பயப்படாத. லிவர்ல ஒயர் நொழையற எடத்துல ஒரு சின்ன திருகு இருக்கும்

ரேவதி: எந்தப் பக்கம் திருப்பணும் மாமா?

செல்வம் மாமா: வெளிய வர்ற மாதிரி, அரை சுத்து அரை சுத்தாத் திருப்பி ஒவ்வொரு வாட்டியும் சக்கரத்த சுத்திப் பாரு, கட்டை ஒரசாம இருக்கணும். ரொம்ப வெளிய வந்துருச்சுன்னா விட்டுட்டு எனக்குப் போன் பண்ணு, கீழ ஒயரவே இழுத்துக் கட்டிக்கலாம். சரியானதும் பக்கத்துல இருக்கற லாக் நட்ட இறுக்கிரு