பழைய வேக் படகுக்குப் பின்மேடை: தேக்கு ரீப்பரா, ஃபைபர்கிளாஸா?

ஏரிநீலம்:
1990களின் கடைசியில் வந்த 21 அடி வி-டிரைவ் (எஞ்சின் பின்கோடியில் இருக்கும்) வேக் படகு, பின்னால் எழும் அலையில் சறுக்கி விளையாட. கூடவே வந்த தேக்கு ஸ்விம் பிளாட்ஃபார்ம் (பின்னால் நீட்டியிருக்கும் மேடை) 78 அங்குல அகலம், 20 அங்குல ஆழம். ஒட்டு விட்டு, ரெண்டு ரீப்பர் பிளந்துவிட்டது. வேக்போர்டைக் காலில் மாட்டிக்கொண்டு உட்கார 20 அங்குலம் போதவில்லை, 26 வேண்டும். தேக்கிலேயே செய்யலாமா, மரைன் பிளைவுட்டும் ஃபைபர்கிளாஸுமா? மேடையைப் படகோடு பிடித்திருக்கிற ரெண்டு பிராக்கெட் தாங்குமா? டேபிள் சா, ரூட்டர், கிளாம்ப் எல்லாம் இருக்கிறது.

உளிமுனை:
தேக்குதான். வேறு பேச்சே வேண்டாம். ரீப்பர் 2 அங்குல அகலம், 7/8 அங்குல கனம், இடைவெளி 3/8. இப்படி 11 ரீப்பர் போட்டால் 25¾ அங்குலம் வந்துவிடும். ரீப்பர்கள் படகின் அகலவாக்கில் ஓடட்டும். அடியில் 3 அங்குல அகலத்தில் 5 குறுக்குச் சட்டம்: ரெண்டு பிராக்கெட் கைகளுக்கு மேலே, ஒன்று நடுவில், ரெண்டு ஓரங்களில். இழைத்து முடித்த கணக்கில் சுமார் 13 போர்டு அடி (ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அங்குல கனம்) வரும். 21, 22 வாங்குங்கள். ஓரத்து வெளுப்பு மரத்தை வெட்டி எறிந்தே ஆகவேண்டும், தண்ணீரில் முதலில் உளுத்துப்போவது அதுதான்.

ஒட்டும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் மஞ்சள் ஏறாத வரைக்கும் துடைத்து, கால் மணி நேரத்துக்குள் எபாக்சி பசை போட்டு மூடிவிட வேண்டும். மறுநாள் ஒட்டலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். கிளாம்பை முறுக்கிப் பசை முழுவதையும் பிழிந்து வெளியேற்றாதீர்கள், எபாக்சிக்கு மெல்லிய படலம் மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் அடியிலிருந்து 10 நம்பர், 1½ அங்குல, 316 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ரெண்டு. மேலே எந்தத் துளையும் கிடையாது. விளிம்புகளை மேலும் கீழும் 3/8 ஆரத்தில் உருட்டுங்கள். வார்னிஷ் வேண்டாம், ஈரக்கால் வழுக்கும். எண்ணெய் மட்டும் போதும்.

பிசின்:
உளிமுனை சொன்ன வேலைமுறையில் குறை இல்லை. அந்த மரம் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. 2021 ஏப்ரலில் மியான்மர் அரசின் மர நிறுவனத்தின் மேல் அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டது. அதன் பிறகு பழைய பர்மா தேக்கை முறையான தாளோடு வாங்குவது பெரும்பாடு. கடையில் அதிகம் கிடைப்பது தோட்டத் தேக்கு. இளசாக வெட்டியதென்றால் வைரமும் குறைவு, எண்ணெயும் குறைவு. அதற்கும் யானை விலை.

பிளைவுட் வழி இதுதான். பிஎஸ் 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) முத்திரையுள்ள 12 மிமீ ஒக்குமே மரப் பிளைவுட் ரெண்டு, இடையில் கெட்டியாக்கிய எபாக்சி. ஒட்டும்போதே நடுவில் ½ அங்குலம் மேடாக இருக்கும்படி வளைத்துக் கிளாம்ப் போட்டால் தண்ணீர் மேலே தேங்காது. சிதறல் இழை மேட் சேராத 17 அவுன்ஸ் பயாக்சியல் (இரு திசை இழை) கண்ணாடித் துணி, அடியில் ரெண்டு அடுக்கு, மேலே ஒன்று. விளிம்பை 3/8 ஆரத்துக்கு உருட்டிவிட்டுத்தான் துணி போர்த்த வேண்டும். கூர்முனையில் துணி தூக்கி, உள்ளே காற்று நிற்கும், தண்ணீர் நுழைகிற முதல் வாசல் அதுதான். முடிவில் பெயின்ட் கட்டாயம், வெயில் எபாக்சியைத் தின்றுவிடும். அதன்மேல் 6 மிமீ ஈவிஏ நுரை விரிப்பு ஒட்டினால் கால் வழுக்காது, முழங்கால் வலிக்காது.

எடை சுமார் 20 கிலோ. உளிமுனையின் தேக்கும் கிட்டத்தட்ட அதே 19, 20தான். ஆக எடையை வைத்து யாரும் ஜெயிக்க முடியாது.

உளிமுனை:
எடையில் ஜெயிக்க வரவில்லை நண்பரே. தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லுங்கள். ஓடுகிற படகின் வேகத்தைச் சட்டென்று குறைத்தால் பின்னால் வந்த அலை உருண்டு வந்து மேடையின் அடிவயிற்றில் மோதும். முழு மூடிய 1.3 சதுர மீட்டர் பலகை. 10 சென்டிமீட்டர் தண்ணீர் அடியில் ஏறி நின்றாலே 130 கிலோ மேல்நோக்கித் தள்ளும், மோதும் வேகம் அதற்கு மேல். ரீப்பர் மேடையில் சிக்கிய காற்றும் தண்ணீரும் சந்து வழியே பீய்ச்சி வெளியேறிவிடும்.

பிசின்:
உங்கள் 11 ரீப்பர் கணக்கில் திறந்த பரப்பு 15 சதவீதத்துக்கும் கீழே. மீதி 85 சதவீதம் மூடித்தானே இருக்கிறது?

உளிமுனை:
நின்ற தண்ணீரின் அழுத்தத்துக்கு அந்த 15 பெரிதாக உதவாது, ஒத்துக்கொள்கிறேன். அறைகிற நொடி வேறு. அடியில் சிக்கும் காற்றுப்பையால்தான் அழுத்தம் உச்சிக்கு ஏறுகிறது, அதற்கு வழிவிட மெல்லிய சந்தே போதும். உங்கள் முறையிலும் 1 அங்குல அகல நீள்துளைகள் ஆறேழு வெட்டி, வெட்டு முகத்துக்கு எபாக்சியும் துணியும் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த வேலைக்கு யாரும் மெனக்கெடுவதில்லை.

பின்சுவர்:
ரெண்டு பேரும் மேல்பரப்பிலேயே நிற்கிறீர்கள். ஏரிநீலம் கேட்ட முக்கியமான கேள்வி பிராக்கெட். அதை யாரும் தொடவில்லை.

90 கிலோ ஆட்கள் மூன்று பேர் பின்விளிம்பில் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். 20 அங்குலத்தில் டிரான்சத்தின் (படகின் பின்பக்கச் சுவரின்) மேல் திருப்புவிசை சுமார் 1350 நியூட்டன்-மீட்டர், 26 அங்குலத்தில் 1750. முப்பது சதவீதம் கூடிவிட்டது. பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் அடிமுனைக்கும் 6 அங்குலம் என்றால், ஒவ்வொரு பிராக்கெட்டின் மேல்பகுதியும் கிட்டத்தட்ட 600 கிலோ இழுப்பில் இருக்கும். மேலே ரெண்டு போல்ட் என்றால் தலைக்கு 300. யாராவது மேடையில் குதித்தால் அது இரட்டிப்பாகும். 3/8 அங்குல 316 போல்ட் அதற்கெல்லாம் அறாது. உள்ளே வாஷருக்கு அடியில் இருக்கும் ஃபைபர்கிளாஸ் நசுங்கும், அதற்குள் மரம் இருந்து அது ஊறியிருந்தால் போல்ட் உள்ளே புதையும்.

அதனால் முதல் வேலை மரம் வாங்குவது இல்லை. பழைய பிராக்கெட்டைக் கழற்றி, துளைச் சுவரைச் சின்ன டிரில் நுனியால் சுரண்டிப் பாருங்கள். துருவல் வெளிறி உலர்ந்து வந்தால் நல்லது. கறுத்து, நனைந்து, மக்கின வாடையோடு வந்தால் டிரான்சம் வேலை முடிந்த பிறகுதான் மேடை. பிளாஸ்டிக் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள், ஊறிய இடத்தில் சத்தம் மொத்தையாக விழும். இத்தனை பழைய படகில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

நல்ல நிலையில் இருந்தால், ஒவ்வொரு துளையையும் ¾ அங்குலத்துக்கு அகட்டி, சிலிக்கா கலந்த எபாக்சியால் அடைத்து, இறுகின பிறகு நடுவில் 3/8 துளை போடுங்கள். தண்ணீர் மரத்தைத் தொட வழியே இருக்காது. உள்ளே வெறும் வாஷர் போதாது. 4க்கு 8 அங்குலத்தில், கால் அங்குல ஜி-10 (எபாக்சியில் இறுக்கிய கண்ணாடி இழை) தகடு வையுங்கள். அலுமினியமும் செய்யும், ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு ஈரத்தில் கிடந்தால் அரிக்கும். சீலன்ட் வெளித்தோலில் மட்டும், துளையின் வாயைக் கொஞ்சம் சரித்து 3எம் 4200. அதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும் 5200 போட்டால் அடுத்த தடவை கழற்றும்போது ஜெல்கோட்டும் (படகின் வெளிப்பூச்சும்) கூடவே வரும். உட்பக்கம் சீலன்ட் வேண்டாம், கசிந்தால் கண்ணுக்குத் தெரியட்டும்.

மேடைக்கு அடியில் நீளும் பிராக்கெட் கையின் நீளம்: மேடை ஆழத்தில் மூன்றில் ரெண்டு பங்காவது கை தாங்க வேண்டும். 26க்கு 17, 18 அங்குலம். உங்கள் பழைய கை 14 என்றால், கடைசி 12 அங்குலத்தை 7/8 குறுக்குச் சட்டம் மட்டும்தான் தூக்கிப் பிடிக்கும். அது வளையும். புதுக் கை செய்யுங்கள், அல்லது 24ல் நிறுத்துங்கள்.

உளிமுனை:
பின்சுவர் சொல்வது சரி. கைக்கு மேலே வரும் ரெண்டு சட்டத்தையும் 1¼ அங்குல கனத்துக்கு மாற்றுகிறேன், ஸ்க்ரூவும் 1¾ ஆகும். மற்ற மூன்றும் 7/8 போதும்.

தூரிகை:
ஏன் ஸ்டார்போர்ட் பிளாஸ்டிக் பலகையை யாரும் பேசவில்லை? உளுக்காது, பெயின்ட் வேண்டாம், ஒரே பலகையாக வெட்டிவிடலாம்.

பிசின்:
விறைப்பு இல்லை. அது எச்டிபிஇ பிளாஸ்டிக், அதன் விறைப்பு தேக்கில் பத்தில் ஒரு பங்குதான். ஓரம் தொங்கிவிடும். ரெண்டு மீட்டர் பலகை 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும், இறுக்கிய போல்ட்டுகளுக்கு நடுவே அலை அலையாக நெளியும். எந்தப் பசையும் ஒட்டாது. ஏணிப்படிக்கு, கைப்பிடிக் கட்டைக்கு நல்ல சரக்கு. மேடைக்கு அலுமினியச் சட்டம் முழுசாக அடியில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சுவாசம்:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த மேடைக்கு அடியில்தான் எக்ஸாஸ்ட் வாய் திறக்கிறது. அமெரிக்காவில் இன்போர்டு (படகுக்குள் இருக்கும்) எஞ்சின்களுக்குப் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வரவைத்த இபிஏ (சுற்றுச்சூழல் முகமை) விதி 2010 மாடலிலிருந்துதான். 1990களின் எஞ்சின் கக்குகிற கார்பன் மோனாக்சைடுக்கு எந்த வடிகட்டியும் இல்லை. அதற்கு நிறமும் வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். மேடையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும் விளையாட்டில் உயிர்கள் போனபின்தான் கலிபோர்னியா 2005 முதல் அதைத் தடை செய்தது. ஆள் மேடையில் இருக்கும்போது எஞ்சினை ஓட்டுவதற்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

6 அங்குலம் நீட்டினால் புகை தங்குவதற்கு இன்னும் 6 அங்குலக் கூரை. படகின் அலையிலேயே சறுக்கும் வேக்சர்ஃப் ஆள் கயிற்றை விட்டுவிட்டுப் படகை ஒட்டியே வருகிறார், அவர் மூச்சு இழுப்பதும் அந்தக் காற்றைத்தான். ரீப்பர் சந்து இதற்குத் தீர்வு ஆகாது, சந்துக்கு மேலேயே முகம் இருந்தால் இன்னும் மோசம். எக்ஸாஸ்டைத் தண்ணீருக்கடியில் புரொப்பெல்லர் நீரோட்டத்தில் விடும் குழாய் போடுங்கள். போட்ட பின் எஞ்சினின் பின்னழுத்தத்தையும், நிறுத்தியபோது தண்ணீர் திரும்ப ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். ஆள் மேடையில் உட்கார்ந்தால் எஞ்சின் நிற்க வேண்டும், ஐடிலிங்கும் கூடாது. கார்பரேட்டர் எஞ்சின் என்றால் கலவை மிகையாக இல்லாமல் டியூன் செய்வதும் இதே வேலையின் பகுதிதான்.

ஏரிநீலம்:
எல்லாருக்கும் நன்றி. பிராக்கெட் கையை அளந்தேன், 14½ அங்குலம். அதனால் 24ல் நிறுத்திப் பழைய கையையே வைக்கலாமா? உயரம் எவ்வளவு?

பின்சுவர்:
24க்கு 16 வேண்டும், ஒன்றரை அங்குலம் குறைகிறது. 1¼ சட்டத்தோடு ஒப்பேறும். ஆனால் பின்விளிம்பில் மூன்று பேர் என்று வழக்கமாக்காதீர்கள். உயரத்தைக் கரையில் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பாலஸ்ட் பை (படகை அமுக்கும் தண்ணீர்ப் பை) எல்லாம் நிரப்பி, வழக்கமான ஆட்களையும் ஏற்றி, டிரான்சத்தில் தண்ணீர்க் கோட்டை டேப் ஒட்டிக் குறியுங்கள். மேடையின் அடி அந்தக் கோட்டுக்கு 2 அங்குலமாவது மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் ஓட்டத்தில் மேடை தண்ணீரைக் கிழித்து, சர்ஃப் அலையின் தொடக்கத்தையே குலைக்கும்.

பிசின்:
புதுக் கை ஒரு வெல்டரிடம் 18 அங்குலத்துக்குச் செய்துகொண்டு 26ஏ போடுங்கள் என்பேன். ஒரு தடவை செய்கிற வேலை. பின்மூலை ரெண்டையும் 7 அங்குல ஆரத்தில் வளைத்துவிடுங்கள், சர்ஃப் பக்கத்து அலைச்சுவரில் மூலை உரசாது.

உளிமுனை:
24, தேக்கு, பழைய கை. என் பதில் மாறவில்லை. எதைச் செய்தாலும் முதலில் 1/8 அங்குல ஹார்ட்போர்டில் அச்சு வெட்டி டிரான்சத்தில் வைத்துப் பாருங்கள். வளைவோடு சீராக ½ அங்குல இடைவெளி வரும்வரை இழைத்துவிட்டு, அந்த அச்சிலிருந்து மரத்துக்குக் கோடு போடுங்கள். ரெண்டு மூன்று தடவை ஓட்டிய பிறகு உள்ளே இறங்கி நைலாக் நட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள், தகடு படிந்து கால் சுற்று இளகியிருக்கும்.